ஐம்பதாயிரம் சிறு மொய்கள்

‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியல் ஆண்டுதோறும் வெளியாகிறது. ஒருவருடைய ஆய்வைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்து ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு தயாரிப்பது. அடுத்த வாரமே நம் கல்லூரி வாசல்களில் வாழ்த்துப் பதாகைகள் எழுகின்றன. பட்டியலில் இடம்பெற்றவர் எதைக் கண்டுபிடித்தார் என்ற வரி மட்டும் அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. எண்ணை விட்டுவிட்டு, ஒரு கண்டுபிடிப்புக்குள் நுழைந்து பார்ப்போம்.

தியோ மியூவிசன் கால்நடை மரபியலாளர். நெதர்லாந்தின் லெலிஸ்டாட் ஆய்வு நிலையத்தில் இருந்தவர், பிறகு நார்வேக்குப் போனார். 2001-ல் பென் ஹேய்ஸ், மைக் காடர்டு ஆகியோருடன் ‘ஜெனிடிக்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை இன்றுவரை பல ஆயிரம் மேற்கோள்களைக் கண்டிருக்கிறது. அதில் ஒரு நிஜ மாடுகூடக் கிடையாது. எல்லாம் கணினிக்குள் உருவாக்கிய மந்தை.

கேள்வி இதுதான்: கன்று பிறந்த அன்றே, அதன் மரபணுக் குறிகளை மட்டும் பார்த்து, அதன் வம்சம் எவ்வளவு பால் கறக்கும் என்று சொல்ல முடியுமா? 2,200 மாடுகளின் பதிவுகளைக் கொண்டு சுமார் 50,000 மரபணுத் துண்டுகளின் பங்கைக் கணிக்க வேண்டும்.

ஓர் ஊரில் 2,200 கல்யாணங்கள் நடந்தன என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் சேர்ந்த மொத்த மொய்த் தொகையும், வந்தவர்கள் பட்டியலும் இருக்கின்றன. யார் எவ்வளவு எழுதினார் என்ற மொய் நோட்டு மட்டும் தொலைந்துவிட்டது. வந்துபோனவர்களோ 50,000 பேர். அடுத்த கல்யாணத்தின் அழைப்புப் பட்டியலை மட்டும் பார்த்து, எவ்வளவு மொய் விழும் என்று சொல்ல வேண்டும்.

பெரிய கைகளாகத் தெரியும் சிலரை மட்டும் பொறுக்கி எடுப்பதுதான் பழைய வழி. அங்கேதான் கணக்கு சறுக்குகிறது. தற்செயலாக வசூல் கொட்டிய கல்யாணத்துக்கு வந்திருந்த எளிய மனிதரும் கொடைவள்ளலாகிவிடுவார். அந்த வழியில் துல்லியம் 0.32 (முழுச் சரி என்றால் 1). மியூவிசன் குழு ஒருவரையும் ஒதுக்கவில்லை. எல்லோரும் சிறு தொகையே எழுதுவார்கள் என்று தொடங்கி, சான்று வலுக்கும் அளவுக்கு மட்டும் தொகையை உயர்த்தினார்கள். துல்லியம் 0.73 ஆனது. சிலர் மட்டும் கூடுதலாக எழுதக்கூடும் என்றும் இடம் விட்டபோது 0.85!

இன்னொரு நுட்பம் எனக்கு இதைவிடப் பிடித்தது. பணம் எழுதுபவரை நாம் பார்க்கவே வேண்டாம். அவரோடு எப்போதும் ஒரே வேனில் வரும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் போதும். மரபணுக் குறி அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான். உண்மையான மரபணு எது என்று தெரியாமலே கணிப்பு பலிக்கிறது. ஆனால் தலைமுறைகள் நகர நகர வேன் கூட்டம் பிரிந்துபோகும். வேறு ஊரில் வேனில் ஏறுகிறவர்களே வேறு. ஹோல்ஸ்டீன் இன மாட்டுக்குப் போட்ட கணக்கை கிர் இன மாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாததற்குக் காரணம் இதுவே.

வரலாற்றில் ஒரு பெயரை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கார்னெல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹெண்டர்சன். சிறு தொகையில் தொடங்கி, சான்றுக்கு ஏற்ப மட்டும் உயர்த்தி, மதிப்பீட்டை அடக்கி வாசிக்கும் கணிதத்தைக் கால்நடை வளர்ப்புக்குக் கொண்டுவந்தவர் அவர். அதன் மேல்தான் மற்றவர்கள் கட்டினார்கள்.

2001-ல் இந்த முறையைச் செயல்படுத்தக் கருவி கிடையாது. மாட்டின் 50,000 குறிகளை மலிவாகப் படிக்கும் சிப் 2007 வாக்கில்தான் வந்தது. 2009 ஜனவரியில் அமெரிக்கா அதிகாரபூர்வமாக இந்தக் கணிப்பை வெளியிடத் தொடங்கியது. மகள்கள் பால் கறக்கும்வரை காத்திருந்து காளையைத் தேர்ந்த காலம் போயிற்று. அமெரிக்க ஹோல்ஸ்டீன்களில் அடுத்த காளைகளுக்குத் தந்தையாகும் காளைகளின் தலைமுறை இடைவெளி, 7 ஆண்டு அளவிலிருந்து 2.5 ஆண்டுக்கும் கீழே இறங்கியது. மேற்கோள்களும் அதன் பிறகே குவிந்தன. மியூவிசனுக்கும் காடர்டுக்கும் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் கார்ட்டி விருது கிடைத்தது 2018-ல். ஆய்விதழ்களின் ‘தாக்கக் காரணி’ முதல் இரண்டு ஆண்டு மேற்கோள்களையே எண்ணுகிறது. இந்தக் கட்டுரையின் உண்மையான தாக்கம் அந்தக் கணக்கில் விழவே இல்லை.

2024 அக்டோபரில் நம் நாட்டுப் பசுக்களுக்கும் எருமைகளுக்கும் தனித்தனி சிப்கள் அறிமுகமாயின. வரவேற்கிறேன். ஆனால் ‘சிப் வந்துவிட்டது, பால் பெருகிவிடும்’ என்ற ஆரவாரத்தை நம்ப மாட்டேன். சிப் தருவது வந்தவர்கள் பட்டியலை மட்டுமே. மொத்தத் தொகையைத் தருவது பால் பதிவேடு. ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீடுகளின் தொழுவத்துக்கு மாதந்தோறும் போய்க் கறவையை அளந்து எழுத ஆள் வேண்டும். சிப்புக்கு ஒதுக்கும் பணத்தில் அந்த ஆளின் சம்பளத்தையும் சேர்த்து ஒதுக்குங்கள்.