முனை மழுங்கிய கத்தி

காக்கிப் பையில் இருப்பவை – 9

குந்தாரப்பள்ளியின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஓர் அறுப்பு. 2015 ஜனவரியில் அங்கிருந்த பேங்க் ஆஃப் பரோடா கிளைக்குள் புகுந்த கும்பல், கேஸ் கட்டரால் பெட்டகத்தை அறுத்து, ஊர்க்காரர்கள் அடகு வைத்திருந்த சுமார் 6,000 பவுன் நகையை அள்ளிக்கொண்டு போனது. எடையில் 48 கிலோவுக்குப் பக்கம். அந்த நெருப்பு வெட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. அதே ஊர் வழியாக ராத்திரி ரோந்து போகிற காவலர் எதை, எதால் அறுக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. போன வாரம் டார்ச் லைட்டைப் பார்த்தோம். இந்த வாரம் கத்தி.

கத்தி என்றதும் சண்டை ஞாபகம் வருகிறதா? அதைக் கொஞ்ச நேரம் ஓரம் கட்டுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் இருக்கிறது குந்தாரப்பள்ளி. பழைய கணக்கில் 7-ஆம் எண் சாலை. ஒரு பக்கம் ஓசூரின் தொழிற்சாலைகளுக்குப் பாகம் ஏற்றிப் போகும் லாரி, இன்னொரு பக்கம் ஷிஃப்ட் பஸ், நடுவில் பெங்களூருக்குப் பறக்கிற கார். வெள்ளிக்கிழமை ஆனால் சந்தை. ஆடும் மாடும் கயிறும் மனிதரும் கூட்டுரோட்டை அடைத்துக்கொள்வார்கள். இந்தச் சாலையில் காவலருக்கு வாய்க்கிற எதிரிகள் பெரும்பாலும் நான்கு: சீட் பெல்ட், நைலான் கயிறு, தார்ப்பாய், ஒட்டு டேப் சுற்றிய அட்டைப்பெட்டி.

முதலில் சீட் பெல்ட். கார் கவிழ்ந்து கிடக்கிறது, உள்ளே இருப்பவர் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குகிறார். கத்தியை எடுக்கும் முன் கொக்கியின் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், பல நேரம் அதுவே விட்டுவிடும். விடவில்லையென்றால் இன்னொருவர் தோளும் இடுப்பும் தாங்கிப் பிடித்த பிறகே அறுக்க வேண்டும். தாங்காமல் அறுத்தால் தலை குத்தி விழுவார். விபத்தில் தப்பிய கழுத்து உங்கள் கையால் முறியும். பெல்ட்டை உடம்பிலிருந்து இழுத்து, விறைப்பாக வைத்துச் சாய்வாக அறுக்க வேண்டும். தொய்ந்த நாடாவில் எந்தக் கத்தியும் வழுக்கும்.

கூர்முனைக் கத்தியின் குறை இந்த இடத்தில்தான் தெரியும். இருட்டு, டீசல் நாற்றம், அலறல், வியர்த்த கை. பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம். அங்கே ஊசிமுனைக் கத்தியை நுழைத்தால் எது முதலில் அறுபடும் என்று சொல்ல முடியாது. மீட்புப் பணிக்கென்று செய்யப்படும் கத்திகளின் முனை மழுங்கியிருப்பதற்குக் காரணம் இதுவே. முதுகுப்புறம் வளைந்து கீழிறங்கி வாயோடு சேரும். குத்த முனை கிடையாது. கொக்கி வடிவ பெல்ட் கட்டர் இன்னும் பத்திரம். அதன் வாய் குறுகல், பெல்ட் நுழையும், விரல் நுழையாது. ரோந்து வண்டியில் இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது அந்தக் கொக்கியைத்தான். கத்தி அதற்கு அடுத்தபடி.

கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில மீட்புக் கத்திகளின் பிடி முனையில் கடினமான சிறு கூம்பு இருக்கும். பக்கக் கண்ணாடி பொதுவாக வெப்பப்பதம் செய்தது. அதன் மூலையில் அந்தக் கூம்பால் அடித்தால் மணிமணியாக உதிர்ந்துவிடும். முன் கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரிசல் விடுமே தவிர உதிராது. அதனோடு போராடி நேரத்தை விடாதீர்கள்.

அடுத்தது ரம்பப்பல்லா, நேர்வாயா என்ற பழைய வழக்கு. நைலான் கயிற்றையும் பெல்ட் நாடாவையும் ரம்பப்பல் கடித்துப் பிடிக்கும். கொஞ்சம் மழுங்கினாலும் வேலை செய்யும். சந்தைக்கு வரும் மாட்டு லாரி சாய்ந்தால் தலைக்கயிறு இறுகித் திணறும் மாட்டை விடுவிக்க அதுதான் தோது. ஆனால் தீட்டுவது கஷ்டம். தெருவில் வரும் சாணைக்காரரின் சக்கரத்தில் பிடித்தால் பல்லே போய்விடும். மெல்லிய உருளைக் கம்பியால் ஒவ்வொரு பள்ளமாகத் தேய்க்க வேண்டும். நேர்வாய்க் கத்தியைச் சமையலறைக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம். பிடியருகே பாதி ரம்பம், மீதி நேர்வாய் என்பது நடுவழி. கொக்கியைத் தனியாக வைத்திருப்பவர் நேர்வாயே வாங்கலாம்.

நீளம் மூன்று அங்குலம் போதும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீடு, விவசாயம், தொழிற்சாலை வேலைகளுக்குச் செய்தவை விலக்கு. அதனால்தான் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கொடுவாளுக்கு யாரும் உரிமம் கேட்பதில்லை. இங்கிலாந்தில் நேர் எதிர். அங்கே தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ள முடிவது மூன்று அங்குலத்துக்கு மிகாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை மட்டுமே.

அந்தப் பூட்டைக் காவலர் விட்டுக்கொடுக்கக் கூடாது. பூட்டில்லாத பேனாக்கத்தி, அழுத்தி அறுக்கும்போது திரும்பி மடங்கி விரலைத் தின்னும். ஒற்றைக் கையால் திறப்பதும் அவசியம். மறு கை யாரையாவது தாங்கிக்கொண்டிருக்கும். இதை உணரச் சுவிஸ் ராணுவத்துக்கே நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1890-களிலிருந்து நகத்தால் நெம்பித் திறக்கும் கத்தியையே வைத்திருந்தார்கள். ஒற்றைக் கையில் திறந்து, பூட்டிக்கொண்டு, ரம்பப்பல்லும் உள்ள சிப்பாய்க் கத்தி வந்தது 2008 மாதிரியில்தான்.

எஃகு விஷயத்தில் பெயர்களில் மயங்க வேண்டாம். வியர்வையும் மழையும் படுவது என்பதால் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். மிகக் கடினமான எஃகு கூர்மையை நெடுநாள் காக்கும், ஆனால் நெம்பினால் ஒடியும், வீட்டில் தீட்டவும் வராது. நடுத்தரக் கடினம் போதும். கருப்புப் பிடி இரவில் புல்லில் விழுந்தால் கிடைக்காது. ஆரஞ்சோ மஞ்சளோ வாங்குங்கள். கம்பீரம் குறையும், கத்தி மிஞ்சும்.

வாங்கிய பிறகு மூன்று ஒழுங்குகள். ஒன்று, இடம். கூட்டத்தில் தள்ளுமுள்ளு வரும்போது இடுப்பில் வெளியே தெரியும் கத்தி உங்களுடையதாகவே இருக்கும் என்று உத்தரவாதமில்லை. பாக்கெட்டின் ஆழத்தில், எந்தக் கையாலும் எட்டும்படி இருக்கட்டும். கைதியைக் கவனிக்க லாக்கப் பக்கம் போகும்போது வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

இரண்டு, தடயம். பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் குட்கா மூட்டையோ கஞ்சாப் பொட்டலமோ பிடிபட்டால், மாம்பழம் நறுக்கிய கத்தியால் அதைக் கிழிக்காதீர்கள். போன வழக்கின் துகள் இந்த வழக்கில் ஒட்டும். குறுக்கு விசாரணையில் வக்கீல் அதைத்தான் தேடுவார். போதைப்பொருள் என்றால் 2022-ஆம் ஆண்டு விதிகள்படி மாதிரி எடுப்பது மாஜிஸ்திரேட் முன்னிலையில். தடயத்தைத் தொட வேண்டிவந்தால் புது பிளேடு, ஒரே ஒரு முறை.

மூன்று, முடிச்சு. தூக்கு மரண இடத்தில் உயிர் இருக்கும் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் உடனே தாங்கி இறக்குங்கள், தடயம் பிறகு. உயிர் இல்லை என்பது உறுதியானால், முடிச்சைத் தொடாமல் அதிலிருந்து தள்ளிக் கயிற்றை அறுத்து, வெட்டுப்பட்ட இரு முனைகளையும் அடையாளம் கட்டி வைக்க வேண்டும். முடிச்சு எப்படிப் போடப்பட்டது என்பது தடயவியல் மருத்துவருக்கு ஒரு வாக்குமூலம். அவசரக் கத்தி அதை அழித்துவிடும்.

கடைசியாக ஒரு பரீட்சை. கடையில் காகிதத்தைக் கிழித்துக் காட்டுவதை நம்பாதீர்கள். காயலான் கடையில் பழைய சீட் பெல்ட் இரண்டு வாங்குங்கள். ஜன்னல் கம்பியில் கட்டி, விளக்கை அணைத்து, கையை நனைத்துக்கொண்டு, பழக்கமில்லாத கையால் கத்தியைத் திறந்து பத்து முறை அறுங்கள். பத்தாவது முறையும் ஒரே இழுப்பில் போனால் அது உங்கள் கத்தி. போகாவிட்டால், விலை எவ்வளவு ஆனாலும், அதைப் பழம் நறுக்க வீட்டில் வைத்துவிடலாம்.

(அடுத்த வாரம்: கையுறை)