ஈரத்தோடு ஒரு மல்லுக்கட்டு

இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் உப்பு கசியும், அப்பளம் நமுத்துப்போகும். மழைக்காலத்து உரக்கடையில் வேறொரு காட்சி. பிரிக்காத மூட்டையே பாறைபோல் இறுகிக் கிடக்கும். தூக்கித் தரையில் ஓங்கிப் போட்டு உடைக்கவேண்டும். கட்டி வயலில் விழுந்த இடத்தில் பயிர் கருகும், பக்கத்துப் பயிர் பட்டினி கிடக்கும். நஷ்டம் விவசாயிக்கு.

காரணம் காற்று. 30 டிகிரி செல்சியஸில் காற்றின் ஈரப்பதம் சுமார் 73 சதவீதத்தைத் தாண்டினால் யூரியா ஈரத்தை உறிஞ்ச ஆரம்பிக்கும். அம்மோனியம் சல்பேட் 79 வரை தாங்கும். அம்மோனியம் நைட்ரேட் 59 வரைதான். யூரியாவையும் அம்மோனியம் நைட்ரேட்டையும் கலந்துவிட்டாலோ எல்லை 18-க்கு இறங்கிவிடும். ராஜஸ்தானில்கூட அந்தக் கலவை கசியும். கேரள மழைக்காலத்தில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம்.

இந்த மழை நாட்டில்தான் உரத் தொழிற்சாலை வேண்டும் என்று முடிவெடுத்தது திருவிதாங்கூர். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்று சமஸ்தானம் பசியில் தவித்த நேரம். திருவனந்தபுரத்தில் திவானாக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஊக்கத்தில், சேஷசாயி சகோதரர்கள் 1943-ல் ஃபாக்ட் நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். ஆலுவாவுக்கு அருகே உத்யோகமண்டலில் 1947-ல் உற்பத்தி தொடங்கியது. நிலக்கரி இல்லாத ஊர். விறகை வாயுவாக்கித்தான் அம்மோனியாவுக்கான ஹைட்ரஜனை எடுத்தார்கள்!

ஃபாக்டின் புகழ்பெற்ற சரக்கு ஃபாக்டம்ஃபாஸ்: 20 சதவீதம் தழைச்சத்து, 20 மணிச்சத்து, 13 கந்தகம். இந்த வகை உரம் பிறக்கும்போது கூழ்தான். பாஸ்பாரிக் அமிலமும் கந்தக அமிலமும் அம்மோனியாவோடு சேர்ந்து கொதிக்கும் கூழைக் குருணையாக உருட்டி, சுழலும் உலர்த்தியில் விடுவார்கள். லேசாகச் சாய்த்துவைத்த பெரிய இரும்பு உருளை அது. உள்சுவரில் உள்ள தகடுகள் குருணையை வாரி மேலே கொண்டுபோய் மழைபோலக் கொட்ட, ஊடே உலைக்காற்று பாயும்.

சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் காயுமே என்று தோன்றும். அங்கேதான் வம்பு. சூடு மிஞ்சினால் அம்மோனியா பிரிந்து பறந்துவிடும். தழைச்சத்து புகைபோக்கி வழியாகப் போகும். யூரியாவோ 133 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே ஈரமான குருணை நுழையும் வாசலிலேயே சூடான காற்றையும் விடுகிறார்கள். நீர் ஆவியாகும்வரை குருணை அவ்வளவாகச் சூடேறாது. காய்ந்து முடிவதற்குள் காற்றும் ஆறியிருக்கும். பார்வைக்கு முரட்டு உருளை, சமாசாரம் இட்லிக் கொப்பரை நுணுக்கம்.

பிறகு சலிப்பார்கள். பொடியும், நொறுக்கிய கட்டியும் மறுபடி உருட்டப் போகும். உலர்த்தி நின்றால் இந்தச் சுற்று முழுக்க நின்றுவிடும். எரிபொருள் செலவும் இங்கே கணிசம். ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே 540 கிலோகலோரி வேண்டும். காற்றோடு கிளம்பும் தூசியைப் பிடிக்காவிட்டால் அக்கம்பக்கத்து மூக்குகளுக்குத் தொல்லை. இத்தனையும் எதற்கு? இந்த உரத்தில் ஈரம் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது 1985-ன் உரக் கட்டுப்பாட்டு ஆணை.

குப்பையிலிருந்து உரம் எடுக்கும்போதும் இதே வழக்குதான். நகரக் குப்பை உரத்தில் 25 சதவீத ஈரம் வரை அனுமதி உண்டு. ஆனால் மீன் செதிலும் தேங்காய்த் துருவலும் நிறைந்த கேரளச் சமையலறைக் கழிவில் பாதிக்குமேல் தண்ணீர். திருவனந்தபுரம் மாநகராட்சி 2000-ல் விளப்பில்சாலையில் திறந்த குப்பை உர ஆலையிலிருந்து கருப்புத் தண்ணீர் ஓடைக்குக் கசிந்தது. ஊர்க்காரர்கள் வெகுண்டு போராட, 2011 டிசம்பரில் ஆலை மூடப்பட்டது. தலைநகரின் குப்பை வீதிக்கு வந்தது.

அதன் பிறகு வார்டுகளில் தும்பூர்மூழி என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். காற்றோட்டமான பெட்டிக்குள் சாணம், சருகு, கழிவு என்று அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைப்பது. இங்கே உருளையும் இல்லை, உலையும் இல்லை. ஈரத்தை உறிஞ்சும் வேலை சருகுக்கு. அதனால் சருகு கூட்டிச் சேர்க்கும் வேலையை மழைக்கு முந்தியே முடித்துவிட வேண்டும்.