கடலோரத்தில் கட்டுமுன் மாவோரிகளைக் கேட்டீர்களா?

நியூசிலாந்தின் கடலோரத்தில் படகுத்துறையோ தங்கும் விடுதியோ கட்ட நினைக்கும் மேம்பாட்டாளரிடம் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "அங்குள்ள மாவோரி மக்களிடம் பேசினீர்களா?" கடிதம் அனுப்பிவிட்டோம் என்பார்கள் பலர். கடிதம் அனுப்புவது கலந்தாலோசனை ஆகுமா, நேயர்களே?

பழைய வழக்கு ஒன்றைப் பார்ப்போம். 1980களின் தொடக்கத்தில் தாரானாக்கி வட்டாரத்திலுள்ள மோட்டுனுய் என்னுமிடத்தில், இயற்கை எரிவாயுவிலிருந்து பெட்ரோல் தயாரிக்கும் ஆலை திட்டமிடப்பட்டது. ஆலைக் கழிவைக் குழாய் வழியாகக் கடலில் விடுவதாக ஏற்பாடு. அந்தக் கடலோரப் பாறைத்திட்டுகளில்தான் தே ஆத்தியாவா குலத்தார் தலைமுறை தலைமுறையாகச் சிப்பியும் பிற கடலுணவும் சேகரித்து வந்தனர். வைத்தாரா நகரின் சாக்கடை நீரால் அவற்றில் சில ஏற்கெனவே கெட்டிருந்தன. வந்த விருந்தினருக்குத் தங்கள் கடலின் உணவைப் படைக்க முடியாமல் போவது அவர்களுக்கு மானப் பிரச்சினை. விருந்தோம்பலைப் பெருமையாகக் கருதும் நமக்கு இது புரியாத விஷயமல்ல. வைத்தாங்கி தீர்ப்பாயம் 1983-இல் அவர்கள் பக்கம் நின்றது. முதலில் மறுத்த அரசாங்கம் பின்னர் அந்தக் குழாய்த் திட்டத்தைக் கைவிட்டது. முன்கூட்டியே கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் கருத்து.

பின்னர் 1991-இல் வள மேலாண்மைச் சட்டம் வந்தது. மூதாதையர் நிலம், நீர், புனித இடங்களோடு மாவோரிகளுக்குள்ள உறவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாகக் கருதும்படி அது அதிகாரிகளைப் பணித்தது. ஆனால், விண்ணப்பதாரர் யாரையும் கலந்தாலோசிக்கும் கடமை அச்சட்டத்தின் கீழ் இல்லை என்று 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறிவிட்டது. அப்படியானால் தப்பித்தோம் என்று எண்ணிவிட வேண்டாம். பண்பாட்டு விழுமியங்கள் உட்படத் திட்டத்தின் பாதிப்புகளை விண்ணப்பத்தில் விளக்க வேண்டுமே! அந்த மக்களிடம் பேசாமல் அதை யார் எழுத முடியும்?

2011-ஆம் ஆண்டின் கடல், கடலோரப் பகுதிச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. ஒரு பகுதிக்கு மரபுவழிக் கடல் உரிமை கோரியுள்ள குழு இருந்தால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அக்குழுவுக்குத் தெரிவித்து அதன் கருத்தைக் கேட்டாக வேண்டும். இது கருத்துக் கேட்பது மட்டுமே. உரிமை உறுதியாகிவிட்டாலோ, சில விதிவிலக்குகள் தவிர, சம்மதம் மறுக்கவும் அக்குழுவுக்கு அதிகாரம் உண்டு.

கலந்தாலோசனை என்றால் என்ன என்பதை 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கியது. வேடிக்கை என்னவென்றால், அது விமான நிலையக் கட்டணம் பற்றிய வழக்கு! போதிய தகவலும் அவகாசமும் தர வேண்டும். திறந்த மனத்தோடு கேட்க வேண்டும். தேவையானால் திட்டத்தை மாற்றத் தயாராக இருக்க வேண்டும். உடன்பாடு வந்தே தீர வேண்டும் என்பதில்லை. வரைபடத்தை முடித்துவிட்டுக் கையெழுத்துக் கேட்பது இந்த அளவுகோலுக்கு எட்டாது.

யாரைக் கேட்பது என்பதுதான் பெரிய சிக்கல். வைஹேக்கி தீவின் கென்னடி முனைப் படகுத்துறை விவகாரத்தில், நாத்தி பாவோவா குலத்தின் பெயரில் இரண்டு அமைப்புகள் இருந்தன. எது குலத்தின் குரல் என்ற பிரச்சினை நீதிமன்றம் வரை போனது. குலத்துக்குள் கிளைக்குலங்கள் வேறு உண்டு. மணல்மேட்டில் முன்னோர் புதைக்கப்பட்ட இடம் எது என்பதை அந்தக் கரையில் வாழும் கிளைக்குலத்துப் பெரியவர்களே நன்கு அறிவார்கள். ஆகவே, உள்ளூர் மன்றத்திடமுள்ள குல அமைப்புகளின் பட்டியலை முதலில் வாங்குங்கள். பிறகு அவர்களுடைய மராயே எனும் பொதுமனைக்கு நேரில் செல்லுங்கள், கையில் வெற்றுத் தாளோடு.