போரை நடத்தியவருக்கே ஓட்டா?

2010ஆம் ஆண்டு ஜனவரி மாதம். தைப்பூசத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. சுங்கை பட்டாணியில் ஒரு காப்பிக்கடை. மாலை நேரம். இரண்டு பெரியவர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணியார். வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவரின் மகன். மற்றவர் பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தொழில் விட்டுப் போனாலும் மரியாதை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் அவருக்கு இவர் "கிராணி ஐயா"தான்.

"சொல்லுங்கய்யா, அங்கே உங்க சனமெல்லாம் யாருக்கு ஓட்டுப் போடப் போகுது?"

"என்னத்தைச் சொல்ல தம்பி? ஒருத்தர் சண்டைக்கு உத்தரவு போட்டவர். மற்றவர் அந்தச் சண்டையைப் பிடிச்சவர்."

"அப்படின்னா ரெண்டு பேருக்கும் போடாம வீட்டிலேயே இருந்திட வேண்டியதுதானே?"

"போன முறை அப்படித்தான் இருந்தவை. என்ன கிடைச்சது?"

பக்கத்து மேசையில் இருந்த எனக்கு, குடித்துக்கொண்டிருந்த காப்பி ஆறிப்போனது. அந்த ஒரு கேள்விக்குள் ஒரு நாட்டின் கதையே அடங்கியிருந்தது. வாசகர்களே, அந்தக் கதை கடலுக்கு அப்பால் நடந்ததுதான். ஆனால் அதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

இரண்டு பேர், ஒரே போர்

2009 மே மாதத்தில் இலங்கையில் போர் முடிந்தது. முள்ளிவாய்க்கால் என்ற பெயர் உலகத் தமிழர் நெஞ்சில் ஆறாத புண்ணாகிப் போனது. உயிர் தப்பியவர்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011இல் சொன்னது.

போர் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஜனாதிபதித் தேர்தல் வந்துவிட்டது. தேதி 2010 ஜனவரி 26. ஒரு பக்கம் பதவியில் இருந்த மகிந்த ராஜபக்ஷ. எதிர்ப்பக்கம் ஜெனரல் சரத் பொன்சேகா. 2005 டிசம்பர் முதல் 2009 ஜூலை வரை இராணுவத் தளபதியாக இருந்து போரை முன்நின்று நடத்தியவர் அவர். 2006இல் புலிகளின் தற்கொலைத் தாக்குதலில் படுகாயமடைந்து பிழைத்தவர். இலங்கை சிங்களவருக்கே உரிய நாடு என்ற கருத்தை 2008இல் ஒரு கனடா நாளிதழுக்குச் சொன்னவரும் அவரே.

சிங்கள ஊர்களில் எழுந்த கேள்வி, "வெற்றி யாருடையது?" என்பது. தமிழ் ஊர்களில் எழுந்த கேள்வியோ வேறு. "நம் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். காரணமான இருவரில் ஒருவருக்கு நம் கையாலேயே ஓட்டுப் போடுவதா?"

தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. அதன் தலைவர் இரா. சம்பந்தன் பொன்சேகாவை ஆதரிப்பதென்று அறிவித்தார். அதே அணியைச் சேர்ந்த சிவாஜிலிங்கம் தனியாகவே வேட்பாளராக நின்றார். இருவரும் எதிரெதிர் வழியில் போனாலும், இருவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆட்சியை மாற்றினால்தான் முகாம் கதவு திறக்கும் என்பது ஒரு நியாயம். போர் நடத்தியவரைத் தமிழன் கைதூக்கி விட்டால், நடந்தது சரி என்று நாமே கையெழுத்துப் போட்டது போல் ஆகாதா என்பது இன்னொரு நியாயம்.

வீட்டில் இருந்ததால் வந்த வினை

"போன முறை" என்று கிராணியார் சொன்னது 2005 நவம்பர் 17 தேர்தலை. அப்போது மகிந்தவை எதிர்த்து நின்றவர் ரணில் விக்கிரமசிங்க. 2002 பிப்ரவரியில் புலிகளோடு போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் அவர். மகிந்தவுக்குப் பின்னால் நின்ற ஜே.வி.பி. கட்சியோ அந்தப் போர்நிறுத்தத்தையே எதிர்த்து வந்தது. இருவரின் கடந்த காலமும் கண்ணாடி போலத் தெரிந்தது.

ஆனாலும் புலிகள் தேர்தலைப் புறக்கணிக்க வைத்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் நூறு பேரில் இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. முடிவு? மகிந்த 50.29 சதவீதம், ரணில் 48.43 சதவீதம். நாடு முழுவதற்கும் வித்தியாசம் ஏறத்தாழ 1,80,000 வாக்குகள்தான். அடுத்த ஆண்டே போர் மீண்டும் மூண்டது. 2008 ஜனவரியில் போர்நிறுத்தம் முறைப்படி குப்பையில் போடப்பட்டது.

ரணில் வந்திருந்தால் போரே வந்திருக்காது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். வாக்களிக்காமல் இருப்பதும் ஒரு வாக்குத்தான். அதுவும் எண்ணப்படுகிறது, நமக்கு எதிராக!

மலைநாடு சொன்ன பதில்

2010இல் என்ன நடந்தது? மகிந்த 57.88 சதவீதம் பெற்று வென்றார். பொன்சேகாவுக்கு 40.15 சதவீதம். இரண்டே வாரத்தில் பொன்சேகா கைது செய்யப்பட்டார். ஆனால் மொத்தக் கணக்கை விட்டுவிட்டு மாவட்டக் கணக்கைப் பார்த்தால் வேறொரு செய்தி தெரியும்.

யாழ்ப்பாணத்தில் நூறு பேரில் சுமார் 26 பேர்தான் வாக்களித்தார்கள். மற்றவர்கள் முகாமிலும், துயரத்திலும், வெறுப்பிலும் இருந்தார்கள். வந்தவர்களில் ஐந்தில் மூன்று பங்கினருக்கு மேல் பொன்சேகாவுக்குப் போட்டார்கள். அவர் மீது கொண்ட பாசத்தாலா? இல்லை. இருந்தவரை இறக்க வேண்டும் என்ற கணக்கு அது.

தோட்டத் தமிழர் நிறைந்த நுவரெலியா மாவட்டத்தைப் பாருங்கள். பெரிய தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், ஆறுமுகம் தொண்டமான் தலைமையில், மகிந்தவையே ஆதரித்தது. ஆனால் அந்த மாவட்டத்தில் முந்தியவர் பொன்சேகா. நூற்றுக்கு 52 வாக்குகள். தலைவர் காட்டிய திசை ஒன்று, பெட்டியில் விழுந்தது வேறொன்று. கொழுந்து கிள்ளும் கைகளுக்குத் தனியாகக் கணக்குப் போடத் தெரியும் என்பதை அன்றைக்கு நாடே பார்த்தது.

அவர்களுக்கு அந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. ஓட்டு என்றால் என்ன என்பதை, அதைப் பறிகொடுத்துத்தான் அவர்கள் தெரிந்துகொண்டார்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழர் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இலும் 1949இலும் வந்த சட்டங்கள் அந்த மக்களின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. அந்த நேரத்தில் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்து கொண்டார். அதை ஏற்காத செல்வநாயகம் பிரிந்து வந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்தச் சட்டங்களுக்கு யார் துணை போனார், யார் எதிர்த்தார் என்ற பேச்சு பல தலைமுறைகளாக இன்றும் ஓயவில்லை.

வெளிநாட்டுக் கொள்கை என்றால் கோட்டுப் போட்டவர்கள் பேசும் பேச்சு, நமக்கென்ன என்று நினைக்கிறோம். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் என்ன செய்தது? 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே! கணவன் ஒரு நாடு, மனைவியின் பெற்றோர் ஒரு நாடு என்று குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு காலம் தள்ளிய குடும்பங்களை நம் தோட்டங்களிலும் கண்டோமே! அந்த வேதனையை நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் ஒரே கிராமத்திலிருந்து ஒரு பிள்ளை கண்டிச் சீமைக்கும் மறுபிள்ளை மலாயாவுக்கும் கப்பலேறியது.

அமெரிக்காவிலும் இதே கேள்வி

பழைய போர்க் கணக்கு பின்னால் துரத்துவது இலங்கையில் மட்டுமல்ல. ஈராக் மீது படையெடுக்க அதிபர் புஷ்ஷுக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் 2002 அக்டோபரில் அமெரிக்க செனட் சபைக்கு வந்தது. 77 பேர் சரி என்றார்கள், 23 பேர் கூடாது என்றார்கள். சரி என்றவர்களில் ஜான் கெர்ரி, ஹிலாரி கிளின்டன், ஜோ பைடன் மூவரும் உண்டு. 2004இல் கெர்ரி வேட்பாளரானபோது அந்த வாக்கு அவரைப் பாடாய்ப் படுத்தியது. 2008இல் கட்சிக்குள் நடந்த போட்டியில், தொடக்கத்திலேயே அந்தப் போரை எதிர்த்துப் பேசிய பராக் ஒபாமாவிடம் ஹிலாரி தோற்றார். அதே வாக்கை அளித்த பைடன், அது தவறு என்று ஒப்புக்கொண்டு, 2020 தேர்தலில் அதிபராகவும் வென்றுவிட்டார். ஆக, பழைய வாக்கு ஒருவரை எப்போதும் வீழ்த்திவிடும் என்று இல்லை. ஆனால் பதில் சொல்ல வைக்கும். அதுவே பெரிய காரியம்.

நம் நாடும் கை தூக்கியது

காப்பிக்கடைக்கு மீண்டும் வருவோம். பேச்சு சூடேறிக்கொண்டிருந்தபோது, தாத்தாவை அழைத்துப் போக வந்த பேத்தி கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தாத்தா, அந்த ஊரு ஆளுங்க யாருக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு விடிய விடியப் பேசுறீங்க. நம்ம எம்.பி. எதுக்குக் கை தூக்குனாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

இரண்டு பெரியவர்களும் வாயடைத்துப் போனார்கள். பக்கத்து மேசையில் இருந்த நானும்தான்.

அந்தப் பிள்ளையின் கேள்வி என்னைத் தேட வைத்தது. தேடியபோது கிடைத்த ஒன்றை உங்களுக்கும் சொல்ல வேண்டும். போர் முடிந்த சில நாட்களில், 2009 மே 27ஆம் தேதி, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றம் கூடியது. போர் முடிந்ததை வரவேற்று, சுதந்திரமான விசாரணை எதுவும் கேட்காத ஒரு தீர்மானம் வாக்குக்கு வந்தது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. அந்த 29இல் இந்தியா உண்டு. மலேசியாவும் உண்டு! பிறகு 2012இலும் 2013இலும் இலங்கையிடம் பொறுப்புக் கேட்கும் தீர்மானங்கள் வந்தபோது இந்தியா அவற்றை ஆதரித்தது. மலேசியா நடுநிலை வகித்தது.

2009இல் ஏன் ஆதரித்தோம், 2012இல் ஏன் விலகி நின்றோம்? நம் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் எத்தனை பேரை நிறுத்தி இதைக் கேட்டோம்? சாலை போட்டீர்களா, கோவிலுக்கு மானியம் தந்தீர்களா என்று கேட்டோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் நம் பெயரால் உலக மன்றத்தில் உயர்ந்த கையைப் பற்றி நாம் கேட்கவில்லை.

நம் நாட்டில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதி இல்லை. நாம் அனுப்புகிற உறுப்பினர்களின் பலத்தில்தான் பிரதமர் அமைகிறார். நாடாளுமன்றத்தில் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புத்தான் நடக்கும். 15 உறுப்பினர்கள் எழுந்து நின்றால்தான் ஆளாளுக்கு எண்ணுவார்கள். பேச்சுகள் முழுவதும் பதிவாகின்றன; நாடாளுமன்ற இணையத் தளத்தில் எவரும் படிக்கலாம். வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருந்தால் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

மன்னிக்கலாம், மறக்கலாமா?

கடைசியாக ஒன்று. 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் அதே பொன்சேகா மீண்டும் நின்றார். 2010இல் 41 லட்சத்துக்கு மேல் வாங்கியவருக்கு இந்த முறை கிடைத்தது சுமார் 22,000. போர் வெற்றி என்ற ஒரே மூலதனம் பதினைந்து ஆண்டு தாங்கவில்லை. பசி வந்தபோது மக்கள் பதக்கத்தைப் பார்க்கவில்லை.

வென்றவர் அனுர குமார திசாநாயக்க. போர்நிறுத்தத்தை எதிர்த்த அதே ஜே.வி.பி.யின் தலைவர். ஆதி நாளில் மலைநாட்டுத் தமிழரை இந்திய விரிவாக்கத்தின் கருவியென்று வகுப்பு எடுத்த கட்சி அது. ஆனாலும் அடுத்து வந்த நவம்பர் தேர்தலில் அவருடைய கூட்டணி யாழ்ப்பாணத்திலும் நுவரெலியாவிலும் முதலிடம் பெற்றது. மக்கள் பழையதை மறந்துவிட்டார்களா? நான் அப்படி நினைக்கவில்லை. மாறிவிட்டேன் என்கிறவருக்கு ஒரு தவணை கொடுத்திருக்கிறார்கள். தவணைக்குக் கெடு உண்டு.

எந்த நாட்டில், எந்தத் தேர்தலில் ஒருவர் நம் முன் கைகூப்பி நின்றாலும் மூன்று விஷயத்தைப் பார்க்க வேண்டும். முடிவெடுக்க வேண்டிய நாளில் அவர் என்ன செய்தார்? அதற்கு விலை கொடுத்தது யார்? இன்றைக்கு அதைப் பற்றி அவர் வாய் திறந்து என்ன சொல்கிறார்? மூன்றாவது கேள்விக்கு மழுப்புகிறவரிடம் கவனமாக இருங்கள்.

அன்று மாலை கடையை விட்டு எழுந்தபோது, பால்மரம் வெட்டிய பெரியவர் கிராணியாரின் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டார். "ஐயா, அடுத்த வாட்டி நம்ம எம்.பி. வந்தா நீங்க கேளுங்க" என்றார்.

"ஏன், நீ கேட்டால் ஆகாதோ?" என்றார் கிராணியார்.

ஆகும். தாராளமாக ஆகும்.