பாணரும் புரவலரும்

கொல்லிமலைக்குத் தலைவனான வல்வில் ஓரி, தன்னை நாடி வந்த பாணர்க்குப் பொன்னும் மணியும் ஈந்தான் என்பது புறநானூறு உணர்த்தும் செய்தியாகும். அன்று பாணனைக் காத்தவன் புரவலன் ஒருவன். இன்றோ, சேலத்து ஃபேர்லேண்ட்ஸில் தம் இல்லத்திலிருந்தே பாடும் இளைஞர்க்கு, இணையத்தின் வழியே உலகெங்கும் கேட்போர் அனைவரும் புரவலரே.

எனினும், ஒருவர் ஒருமுறை கேட்பதால் வரும் பொருள் மிகச் சிறிது. நீண்ட காணொளிகளைக் கொண்டு யூடியூப் விளம்பர வருவாயில் பங்கு பெறுவதற்கே 1,000 சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஆதலின், கச்சேரி செய்தல், இசை பயிற்றுதல் ஆகியவற்றையும் கைவிடலாகாது.

பாடலின் உரிமையைக் காத்தல் இவற்றினும் இன்றியமையாதது. ஒலிப்பதிவுக்காகத் தம் பாடலைப் பிறர்க்கு உரிமையாக்கிய பின்னரும், அதனை இயற்றியவரும் இசையமைத்தவரும் உரிமைத்தொகையில் சமபங்கு பெற 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் வழிசெய்துள்ளது. ஒப்பந்தத்தை ஊன்றிப் படித்த பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும்.

ஓரி தந்தது கொடை, இப்பங்கோ உரிமை. கொடையை வேண்டிப் பெறலாம். உரிமையை அறிந்தே பெறுதல் வேண்டும்.