பற்றவைப்பாளர் பயிற்சி

பற்றவைப்பாளர் பயிற்சி என்பது உலோகப் பாகங்களை உருக்கி இணைக்கும் வெல்டிங் தொழிலுக்கு இளைஞர்களை ஆயத்தப்படுத்தும் பயிற்சியாகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் தொழிற்பயிற்சி நிலையங்களில் (ஐ.டி.ஐ.) ஓராண்டுப் படிப்பாக வழங்கப்படுகின்றது. எட்டாம் வகுப்பில் தேறிய, 14 வயது நிறைந்தவர்கள் சேரலாம். படிப்பை முடித்தோர் தொழிற்பழகுநர் சட்டத்தின் (1961) கீழ் ஆலைகளில் உதவித்தொகையுடன் பழகுநராகலாம்.

எனினும் கொதிகலன், உயரழுத்தக் குழாய் போன்ற பணிகளுக்குப் படிப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. தனியே செய்முறைத் தேர்வு உண்டு. தகுதி, பற்றவைக்கும் நிலையைப் பொறுத்தது. கிடத்திய தகட்டில் (1ஜி) தேறியவர் தலைக்கு மேலான இணைப்புக்குத் (4ஜி) தகுதி பெற்றவராகார். 6ஜி தேர்வே கடினமானது. இதில் குழாய் 45 பாகை சாய்வில் அசையாது பொருத்தப்படும். அதனைச் சுழற்ற இயலாது. பற்றவைப்பவரே சுற்றி நகரவேண்டும். உருகிய உலோகம் ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு விதமாக வழியும். முடிந்த இணைப்பு ஊடுகதிர்ப் படம் எடுத்தோ, வெட்டி வளைத்தோ சோதிக்கப்படும். திருச்சிராப்பள்ளி பெல் வளாகத்திலுள்ள பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்திலும் பயிற்சி அளிக்கப்படுகின்றது.

மின்வில்லின் புற ஊதாக் கதிர் கண்ணைத் தாக்கினால் வலி உடனே தெரியாது. சில மணிநேரம் கழித்து, மணல் விழுந்தாற்போல் கண் உறுத்தும். முகக்கவசமின்றி அருகில் நின்று பார்ப்பவருக்கும் இது நேரும்.