உங்களுக்குத் தெரியுமா? – கேமராவில் ஓரியன் நெபுலா

ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம்பிடித்தவர் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர். நாள்: 1880 செப்டம்பர் 30. அந்த ஒரு படத்துக்கே 51 நிமிடங்கள் ஆயின!

இன்று ட்ரைபாடில் நிறுத்திய டிஎஸ்எல்ஆர் கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் போதும். அப்பெர்ச்சர் எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 5 விநாடி. அதிகம் நீட்டினால், பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். ஃபோகஸை மட்டும் கேமராவிடம் விடவே கூடாது. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும்வரை லென்ஸைக் கையால் திருப்புங்கள். ரா வடிவில் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புள்ளிப்புள்ளியான இரைச்சல் அடங்கும். ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பு மட்டும் மங்கலாகத்தான் வரும்; சென்சாருக்கு முன்னுள்ள வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, நிலவில்லாத இரவில் முயன்று பாருங்கள்.